கீப்பரின் கட்டைவிரல்

அக்கா,

இன்று காலை ரத்தோட்டை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை விரித்ததும் உங்கள் தைல வாசம் வந்தது. ஒரு வருஷமாகியும் போகவில்லை. பக்கத்துக்கொரு பஸ் டிக்கட் செருகிச் செருகிப் புத்தகம் வயிறு புடைத்துக் கிடக்கிறது. பாதிக் கண்டக்டர்மார் டிக்கட்டே கிழிப்பதில்லை. நீங்களோ விடமாட்டீர்கள், கையை நீட்டிக்கொண்டே இருப்பீர்கள். "டிக்கட் தாங்க தம்பி, பக்கத்துக்கு அடையாளம் வைக்கணும்." அவன் "இஸ்ஸரஹட யன்ன" என்று சிங்களத்தில் கத்திச் சனத்தை முன்னால் தள்ளிக்கொண்டே சிரிப்போடு கிழித்துத் தருவான்.

நீங்கள் வார்ட்டில் நர்ஸ், எல்லோருக்கும் மிஸ்ஸி; நான் ஃபார்மசியில் மருந்து கொடுப்பவள். ரத்தோட்டையில் ஒரே ஆஸ்பத்திரி, மாத்தளையிலிருந்து ஒரே பஸ். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மகன் லீவுக்கு வந்தபோது மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போன புத்தகம் இது. நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு பேஸ்போல் டீம் ஒரு சீசன் முழுக்க ஆடிய மேட்ச்களைத் தேதிவாரியாகச் சொல்வது.

"ஃபோன் எடுத்தா சாப்பிட்டீங்களா, மருந்து குடிச்சீங்களா, சரி வைக்கிறேன். அவ்வளவுதான் தங்கச்சி எங்க பேச்சு. இதை வாசிக்கிறப்ப மட்டும் அவன் தனியா சிரிக்கிறான். அப்படி என்னதான் இருக்கு இதுலன்னு பார்க்கணும். அடுத்த தடவை வரும்போது நானே பேச்சை எடுத்து அவனை அசத்தணும்" என்றீர்கள்.

பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும். அதனால் வாசிப்பது என் வேலை. சட்டம் உங்களுடையது. அன்றைய தேதி மேட்சை அன்றுதான் வாசிக்க வேண்டும், ஒரு பக்கம்கூட முன்னால் புரட்டக் கூடாது.

நமக்கு என்ன தெரியும்? கிரிக்கெட் தெரியும், புது வருஷத்துக்கு மட்டையும் பந்துமாய் ஆடுகிற எல்லே தெரியும். "தினமும் மேட்ச்னா இவனுங்க எப்ப வீட்டுக்குப் போவானுங்க? பொண்டாட்டிமார் என்ன செய்வாங்க?" என்று கேட்பீர்கள். நாம் பிடித்த டீமும் நல்ல டீம்! ஏப்ரலில் தோற்கத் தொடங்கியது, மேயிலும் தோற்றது. எனக்குக் கோபம் கோபமாய் வரும். நீங்கள் டிக்கட்டைச் செருகிவிட்டு, "விடு தங்கச்சி, நாளைக்கும் மேட்ச் இருக்குதானே" என்பீர்கள்.

மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பவனை நாம் கீப்பர் என்றே சொன்னோம். ஒரு கையில்தான் உறை, மற்றது வெறுங்கை. ஜூனில் ஒருநாள் அந்த வெறுங்கையின் கட்டைவிரல் உடைந்தது. மூன்றாம் நாள் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்து குந்தினான். நீங்கள் போட்ட சத்தம் இருக்கிறதே!

"மூணு நாள்லயா? எந்த மடையன் இவனை விட்டான்? ஆறு கிழமைக்குக் கைய அசைக்கவே கூடாது!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர் பயந்துபோய், "மிஸ்ஸி, யாருக்கு அடிபட்டிச்சு?" என்று கேட்டான்.

"எங்க பொடியன் ஒருத்தனுக்கு" என்றீர்கள், சிரிக்காமல்.

நீங்கள் பயந்தபடியே அந்த விரல் மறுபடியும் உடைந்தது. அதன் பிறகு புத்தகத்தில் அவன் பேச்சே இல்லை. பஸ் ஏறியதும் "கீப்பர் வந்தானா?" என்று கேட்பீர்கள். "வரல்ல அக்கா." ஜூலை முழுக்க இதே கேள்வி, இதே பதில்.

ஆகஸ்டில் நீங்களே மாத்தளைப் பெரியாஸ்பத்திரியில் படுத்துவிட்டீர்கள். வேலை முடிந்து வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். என் டிக்கட்டை வாங்கி நீங்கள் செருகுவீர்கள். செப்டம்பரில் ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"தங்கச்சி, மிச்சத்தையும் இன்னைக்கே வாசிச்சிடேன். அந்தப் பொடியன் விரல் என்னாச்சுன்னு மட்டுமாவது பார்த்துச் சொல்லு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "சட்டம் போட்டது நீங்கதானே? நாளைக்குள்ளத நாளைக்குத்தான் வாசிப்பேன். பேசாம படுங்க."

முப்பது வருஷம் வார்ட்டில் நின்ற மிஸ்ஸிக்குத் தான் என்ன கேட்கிறோம் என்று தெரியாதா? எனக்கும் தெரிந்தது. தெரிந்ததால்தான் கத்தினேன். கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் உங்களை அனுப்பிவைப்பதற்குச் சம்மதித்த மாதிரி ஆகிவிடும் என்று பயந்தேன். "சரி சரி, ஒன் கோபத்துக்கு யாரு பதில் சொல்றது" என்று சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மறுநாள் காலை பஸ் ரத்தோட்டைக்குப் போய்ச் சேருமுன் ஃபோன் வந்துவிட்டது.

அல்லாஹ்வே, ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கத்தைப் புரட்டியிருந்தால் போதுமே.

காரியங்கள் முடிந்த பிறகு உங்கள் மகனிடம் புத்தகத்தைக் கொடுத்தேன். பிரித்தார், டிக்கட்டுகள் தரையில் கொட்டின. "அம்மா இதை வாசிச்சாங்களா ஆன்ட்டி?" எல்லாவற்றையும் சொன்னேன். மடையன் என்று நீங்கள் கத்தியதைச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு ஒவ்வொரு டிக்கட்டாகப் பொறுக்கி, தேதி பார்த்து, அதனதன் பக்கத்தில் வைத்தார்.

"இங்க விட்டுட்டுப் போனதால நானும் முடிக்கல ஆன்ட்டி. அடுத்த வருஷம் அம்மா நிறுத்தின தேதி வந்ததும் நாம வாசிப்போம். அவங்க சட்டப்படியே."

அப்படியே செய்தோம். பஸ் கிளம்பியதும் அமெரிக்காவிலிருந்து உங்கள் மகன் ஃபோன் எடுப்பார், அங்கே அவருக்கு இரவு. நான் வாசிப்பேன். வாசித்து முடித்தாலும் வைக்கமாட்டார். "அம்மா இதுக்கு என்ன சொல்லியிருப்பாங்க?" என்பார். நான் உங்கள் குரலில் திட்டிக் காட்டுவேன். இதெல்லாம் உங்களுக்குச் சேர வேண்டிய பேச்சு, என் காதில் விழுகிறது.

இன்று கடைசி மேட்ச். தோற்றுவிட்டார்கள், வேறென்ன. அடுத்த பக்கத்தில், அன்றைக்கு எடுத்தது என்று டீம் படம் ஒன்று. ஓரத்தில் நம் கீப்பர், முழங்காலில் கையை வைத்தபடி. மேட்சில் ஆடவில்லை, படத்துக்கு மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

"ஆன்ட்டி, கையில துணி இருக்கா?" ஃபோனில் உங்கள் மகன் கேட்டார்.

"இல்ல தம்பி."

கண்டக்டரிடம் கையை நீட்டி டிக்கட் வாங்கினேன். இப்போதெல்லாம் நானும் விடுவதில்லை. படத்தின் மேல் வைத்து மூடுமுன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இது, ஒரு வருஷம் பிந்தி வருகிறது. கொஞ்சம் கோணல்தான் அக்கா. ஆனால் விரல் சேர்ந்துவிட்டது.