சூடான காற்றில் ஒரு வாடை

அன்புள்ள அப்பாவுக்கு,

கோமதி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன்.

ரமணாசிரமம் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் விடுதியில், பகல் வெயிலின் சூட்டைத் தரைக்கடியில் கருங்கல் குவியலில் சேமித்து, மார்கழிக் குளிருக்கு விசிறி வைத்து அறைகளுக்கு அனுப்புகிறோம். மழைக்குப் பிறகு அந்தக் காற்றில் ஈரச் சாக்கு வாடை. அறைகளைக் கூட்டும் உண்ணாமலை அக்காவுக்கு ஓயாத இருமல்.

"அந்தம்மாவுக்கு ஏதோ வியாதி. நிறுத்திடலாம்," என்றார் முதலாளி ராஜமாணிக்கம். ஆனால் லீவில் வீட்டிலிருந்தபோது அக்கா இருமவே இல்லையாம். முதலாளி காற்றுக்குழாயில் வாசனைத் தைலம் தெளிப்பதையும் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வலுத்தது.

நேற்று அந்தக் கற்குழியின் மூடியைத் திறந்தேன். மழைநீர் இறங்கிய கற்களில் கறுப்பாகப் பூஞ்சை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"தெரியும்மா. இந்த நேரத்துல கூட்டம் ஜாஸ்தி. அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அவர், அசராமல்.

"அக்காவ நிறுத்துனா, தங்கியிருக்கிறவங்களக் கூட்டிவந்து இதக் காட்டுவேன்," என்றேன்.

அக்கா வேலையில் இருக்கிறார். முதலாளிக்குப் பயந்து என்னிடம்தான் யாரும் பேசுவதில்லை.

என் கம்பளியும் அம்மா இடித்த சுக்குப் பொடியும் அனுப்புங்கள். போன் வேண்டாம், கடிதமே போடுங்கள். தொண்டை லேசாகக் கட்டியிருக்கிறது. குரலைக் கேட்டால் அம்மா பதறுவாள்.

முதலாளி விசிறி அறைப் பக்கம் போகிறார். அந்தக் காற்று யாருக்கும் போகாதபடி நான் கழற்றிய விசிறியின் ஃபியூஸ் என் பையில்தான் இருக்கிறது. இருந்தாலும் போய்ப் பார்க்கிறேன்.

உங்கள் மகள்,
கோமதி