உறைபெட்டியில் மிச்சமிருப்பவை

என் பிடிவாதக்காரி சபீராவுக்கு,

"இதெல்லாம் எதுக்கு ஆகும் மேடம்?" நம் ஆய்வக உறைபெட்டியைக் காட்டிக் கல்லூரி முதல்வர் இன்று கேட்டார். எதற்கு ஆகும் என்று தெரியாமல்தானே நீயும் சேர்த்தாய்.

அவனியாபுரத்தில் சாயப்பட்டறைக்குப் பின்னால் வாய்க்கால் சேற்றில் நீ இறங்கி நின்றது நினைவிருக்கிறதா? "டீச்சரம்மா, மீனு மாட்டுச்சா?" என்று பட்டறைக்காரர் கேலி செய்தார். "மாட்டுச்சுண்ணே, வாலுதான் கண்ணுக்குத் தெரியல" என்றாய்.

அந்தச் சேற்றுக் கிருமிகளில் ஒன்று சாயத்தைத் தின்றது. அதை எழுதி வெளியிட்டோம். அதற்குள், நாட்டுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டு அரசு நிதியை நிறுத்திவிட்டது. நம் கட்டுரையைப் படித்த ஒரு கம்பெனி அதே கிருமியைத் தூளாக்கிப் பட்டறைகளுக்கு விற்கிறது. வாய்க்கால் இப்போது நிறமில்லாமல் ஓடுகிறது. அதைப் பார்க்காமல் நீ கண்ணை மூடிவிட்டாயே.

நாளை அந்தக் கம்பெனி முதலாளிக்கு நம் கல்லூரியில் பொன்னாடை. நம் ஆய்வகத்தை இடித்துப் 'புத்தாக்க மையம்' கட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, காப்பி இயந்திரம், உட்கார்ந்தால் எழ முடியாத மெத்தைகள். ஒரு நுண்ணோக்கி கிடையாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் என்பதோடு இவர்களுடைய அறிவியல் முடிந்துவிடுகிறது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவள் இவர்களுக்குத் தொல்லை.

நீ சேர்த்த மற்ற கிருமிகளெல்லாம், இந்த மையத்தின் ஒரு மூலையில் ஒதுக்கிவைத்த அந்த உறைபெட்டியில்தான் இருக்கின்றன. எது எதைத் தின்னும் என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. குளிர் போனால் எல்லாம் போய்விடும். மாலையில் எலெக்ட்ரீஷியன் பாண்டி வந்து தலையைச் சொறிந்தான்.

"யக்கா, இதையும் சேத்து ஓட்டுனா லைன் தாங்காதுங்குறாக. நாளைக்கு ஏசி போடணுமாம், பிளக்க உருவச் சொல்லிட்டாக."

"உருவுவியா?"

"நீங்க பக்கத்துல உக்காந்திருந்தா எப்பிடிக்கா உருவுறது?"

ஆகவே நாளை நாற்காலி போட்டு அந்த பிளக்கின் பக்கத்தில் உட்காரப்போகிறேன். நான் இருக்கும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள். இது என் வாக்கு.

உன் கூடப்பிறக்காத அக்கா,
செல்வி

மறுநாள் நடந்தது இது. நான் உட்கார்ந்திருந்தேன். முதல்வர் வந்தார், பின்னாலேயே சமையல்காரர்கள், சிறப்பு விருந்தினரின் ஜிகர்தண்டாவுக்கான ஐஸ்கிரீம் டப்பாக்களோடு. ஆய்வகப் பெட்டியில் உணவு வைக்கக் கூடாது என்றேன். "ஒரு நாளைக்குத்தானே மேடம்" என்று காலியாக இருந்த மேல்தட்டில் அடுக்கச் சொன்னார். பிறகு பாண்டியைப் பார்த்து, "இத மட்டும் நிறுத்திராதப்பா, உருகிரும்" என்றார்.

மின்சாரம் தாங்கவில்லை. ஏசியை நிறுத்தினார்கள். புத்தாக்கம் பற்றிய உரைகள் வியர்வையில் நடந்தன. கிருமிகளுக்கான கடுங்குளிரில் ஐஸ்கிரீம் கல்லாகிவிட்டிருந்தது, விருந்தினரின் கரண்டி வளைந்தது.

போகும்போது முதல்வர் பெட்டியைத் தட்டிக்கொடுத்தார். "இது இருக்கட்டும் மேடம். அடுத்த ஃபங்ஷனுக்கு ஆகும்."