அடுக்களைக்காரர்களின் ஓட்டு

மேட்டுச் சாலைப் பண்ணை,
வெர்மான்ட்.
மார்ச் 5, வியாழன்

அன்புள்ள பேத்தி டெல்பீனுக்கு,

பாட்டி ஆல்டா எழுதுவது. நானும் மாடுகளும் சுகம். பனி இன்னும் ஜன்னல் அடிவரை நிற்கிறது. ஆனால் பகலில் மேப்பிள் மரங்களில் பாகுக்கான நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. உன் அப்பா காலையிலிருந்து பாகு காய்ச்சும் கொட்டகையிலேயே கிடக்கிறான்.

முதலில் நல்ல செய்திகள். உன் தம்பி கேலப் மின்வேலைக்கான மாநிலத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறிவிட்டான். அவன் தாத்தாவுக்கு மூன்று தடவை ஆயிற்று, அதை நான் அவனிடம் சொல்லவில்லை. உன் அத்தை மகள் ஜோசெட் வேலை பார்க்கும் வக்கீல் அலுவலகத்தில் அவளுக்குத் தனி மேசை கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பண்ணையில் பால் கறந்துகொண்டிருந்த மெக்சிகோக்காரர் எவெலியோவை முகமூடி போட்ட குடியேற்றத் துறை ஆட்கள் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள் அல்லவா, அவரை மூன்று வாரத்தில் நீதிபதி முன் நிறுத்தி வெளியே கொண்டுவந்தது நம் ஜோசெட் எழுதிக் கொடுத்த மனுதான். வக்கீல் கையெழுத்து மட்டும் போட்டார். நம் வீட்டுச் சின்னவள் ஒடெட் பள்ளிக்கூடப் பனிச்சறுக்கு ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தாள். முதலில் வந்த பெண்ணுக்குக் கால் நீளம்.

உனக்கு சார்ஜென்ட் பட்டை கிடைத்ததைத் தேவாலயத்தில் சொன்னேன், தபால் நிலையத்தில் சொன்னேன், பல் டாக்டரிடம் வாயில் பஞ்சு இருக்கும்போதே சொன்னேன். ஐந்தாம் வகுப்போடு மாடு கறக்க வந்துவிட்ட எனக்கு, போர் விமானத்தின் வயிற்றைத் திறந்து பழுது பார்க்கும் பேத்தி. இதற்கு மேல் என்ன வேண்டும்.

ஜனவரியில் நீ வெளிநாட்டு முகாமிலிருந்து போனில் பேசி ஏழு வாரம் ஆகிறது. நீ சொன்னது ஒரு வார்த்தை மறக்கவில்லை. "பாட்டி, இங்க எல்லாரும் நம்ம ஊர்ச் செய்தி படிக்கறாங்க. என் சொந்தப் பாட்டியே வீடு வீடாப் போயி எங்களுக்கு எதிரா கையெழுத்து வாங்கறாங்கன்னா என் மூஞ்சிய எங்க கொண்டு போயி வெச்சுக்கறது? என் பேரை மட்டும் இழுக்காதீங்க" என்றாய். இழுக்க மாட்டேன் என்று சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். அதன் பிறகு உன் குரல் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஊர்க் கூட்டம் நடந்தது. பத்திரிகையில் யாரோ எழுதி நீ படிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நான் கையெழுத்து வாங்கிய மனுவில் இருந்தது இவ்வளவுதான். நாடாளுமன்றம் கூடிப் போர் என்று அறிவிக்காதவரை நீ இருக்கும் நம் மாநிலக் காவல் படையை வெளிநாட்டுச் சண்டைக்கு அனுப்பக் கூடாது என்று மாநில அரசை நம் ஊர் கேட்டுக்கொள்ள வேண்டும். உனக்கு எதிராக ஒரு சொல் இல்லை. கடலில் படகுகள் மேல் நம் ராணுவம் குண்டு போட்டதாக வானொலியில் கேட்டேன். அந்தப் படகுகளில் இருந்தவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று எந்த நீதிபதியும் கேட்கவில்லை. கோழி திருடியவனைக்கூட நம் ஊரில் கேட்காமல் தண்டிப்பதில்லை. அன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன். பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரிப் பிரிவைப் பணம் இல்லை என்று மூடிவிட்டார்கள், இப்போது நம் பெண்கள் மலையைச் சுற்றி ஒரு மணி நேரம் போக வேண்டியிருக்கிறது. குண்டுக்கு மட்டும் எப்போதும் பணம் இருக்கிறது.

இனி செவ்வாய்க்கிழமை நடந்தது. வழக்கம்போலப் பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். அடுக்களையில் நாங்கள் ஒன்பது பெண்கள். பாகு விட்டு வேகவைத்த பயறு, பன்றித் தொடை, முட்டைக்கோஸ், எண்பது ரொட்டி. என் மனு பதினோராவது தீர்மானம். பத்தாவது, சாலைக்கு மண் தள்ளும் வண்டி வாங்குவது. அந்த வண்டி விஷயம் வந்தால் நம் ஊரில் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததே இல்லை, உனக்குத் தெரியும். அதை நம்பித்தான் ரொட்டியை அடுப்பில் வைத்தேன். சாப்பாடு முடிந்துதான் என்னுடையது வரும் என்று எல்லோரும் நினைத்தோம்.

இந்த வருஷம் பழைய வண்டி வாய்க்காலில் கவிழ்ந்து கிடப்பதை எல்லோரும் பார்த்தபடிதான் கூட்டத்துக்கு வந்தார்கள். வண்டி விஷயம் பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நான் இரண்டு கையிலும் துணி சுற்றித் தட்டை இழுத்துக்கொண்டிருக்கும்போது கூடத்தில் கை தட்டும் சத்தம் கேட்டது. என்ன என்று எட்டிப் பார்த்தேன். பதினோராவது தோற்றுவிட்டது. சரி என்று ஐம்பத்தெட்டு, கூடாது என்று அறுபத்தொன்று.

டெல்பீன், நான் அழவில்லை. ரொட்டித் தட்டை மேசையில் வைத்தேன். அவ்வளவு குளிரில் அறுபது வீட்டுப் படி ஏறியவள் ரொட்டிக்காக உள்ளே நின்றுவிட்டாளே என்று என் மேலேயே கோபம். என் பக்கத்தில் நின்ற டோரிஸ், "ஆல்டா, நம்ம ஓட்டு அடுப்புல வெந்துடுச்சு" என்றாள். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போது எழுந்தது யார் தெரியுமா? வெண்டல் ப்ரூக்ஸ். ஆமாம், வியட்நாம் போரில் இருந்துவிட்டு வந்தவர், என் மனுவைக் கையில் வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தவர். "நான் கூடாதுன்னு கை தூக்கினவன். ஜெயிச்ச பக்கத்துல இருக்கறவன்தான் மறுபடி எடுக்கச் சொல்லணும்னு விதி இருக்கு. அதனால நான் சொல்றேன். அடுக்களையில இருக்கறவங்க ஒருத்தரும் ஓட்டுப் போடல. அவங்களை விட்டுட்டு ஓட்டு எடுத்தா அந்தச் சாப்பாடு எனக்குத் தொண்டையில எறங்காது" என்றார்.

பின்னாலிருந்து ஒருவன், "உங்களுக்குப் பசி, அதான் பயறுக்கு ஐஸ் வைக்கறீங்க" என்றான். "பசிதான். அதுக்காகப் பொய் சொல்லல" என்றார் வெண்டல். கூட்டத் தலைவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த தீர்மானத்தைத் தொடாதவரை மறுபடி எடுக்கலாம் என்றார். எங்களை வெளியே கூப்பிட்டார்கள். ஒன்பது பேரும் முன்துணியோடு சுவர் ஓரமாக நின்றோம்.

மனு கொடுத்தவர் பேசலாம் என்றார் தலைவர். ஐம்பத்தேழு வருஷமாகக் கூட்டத்துக்குப் போகிறேன், ஒரு தடவை வாய் திறந்ததில்லை. முன்துணியில் கையைத் துடைத்துக்கொண்டேன். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் அஞ்சாவதோட நின்னவ. சட்டம் தெரியாது. ஆனா ஒரு மண் வண்டி வாங்க நூத்திருபது பேரு கை தூக்கறோம். நாய்க்குப் பட்டை போடணுமா வேண்டாமான்னு போன வருஷம் சண்டை போட்டோம். பிள்ளைங்களைச் சண்டைக்கு அனுப்ப மட்டும் ஒருத்தர் கையெழுத்து போதுமா? யாரையாவது கேக்கட்டும். நம்ம பேருல நடக்கறத நம்மளக் கேட்டுட்டு நடத்தட்டும்."

உட்காரப் போனேன். முன் வரிசையில் ஒருவன், நம் தீவனக் கடைக்காரன், "உங்க பேத்தி அங்க இருக்கறதாலதானே பாட்டி இவ்வளவும்?" என்று கேட்டான். கூடம் முழுவதும் என்னைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பத்து கை கூடுதலாக எழுந்திருக்கும். அது எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் உன் பேர் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். "என் வீட்டுப் பிள்ளையைப் பத்திப் பேச மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். உன் பிள்ளைக்கும் பதினாறு ஆகுதே, அவனுக்காகக் கேக்கறேன்னு வெச்சுக்க" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

மறுபடி எண்ணினார்கள். அறுபத்தைந்துக்கு அறுபத்துமூன்று. நிறைவேறியது. எங்கள் ஒன்பது பேரிலேயே இரண்டு பேர் எதிர்த்தார்கள். யார் என்று சொல்ல மாட்டேன், இரண்டு பேருமே நன்றாகச் சமைப்பவர்கள்.

சாப்பாட்டு வரிசையில் வெண்டலிடம் நன்றி சொன்னேன். "நான் ரெண்டாவது தடவையும் எதிர்த்துத்தான் போட்டேன் ஆல்டா. அங்க இருக்கற பிள்ளைங்களுக்கு முதுகுக்குப் பின்னால யாரும் இல்லைன்னு தோணக் கூடாது. எனக்கு அப்படித் தோணுச்சு அன்னிக்கு" என்றார். பிறகு, "இன்னொரு கரண்டி போடேன்" என்றார். போட்டேன். அவர் சொன்னதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். அவர் கை தூக்கியதும் நான் கை தூக்கியதும் எதிர் எதிர்தான். ஆனால் இரண்டு பேரும் உன்னையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் தீர்மானத்தால் நாளைக்கே உன்னை ஊருக்கு விமானம் ஏற்றிவிட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இது வெறும் வேண்டுகோள். ஆனால் அதே நாளில் சுற்றி ஏழு ஊரில் இதே தீர்மானத்தை எடுத்தார்கள், நான்கில் நிறைவேறியிருக்கிறது. ஊர் எழுத்தர் தட்டச்சு செய்து தலைநகருக்கு அனுப்பிவிட்டாள். நம் பிரதிநிதி பதில் போட்டிருக்கிறார், ஏப்ரலில் பேச அழைத்திருக்கிறார்கள். நான் போகிறேன். கேலப் வண்டி ஓட்டுகிறான். வடக்கே எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் தங்கை ரொலாந்த், அவள் நாட்டை நம் நாட்டோடு சேர்த்துக்கொள்வோம் என்று நம் நாட்டுத் தலைவர்கள் பேசியதிலிருந்து இங்கே காலே வைக்கவில்லை. நேற்று அவளே கூப்பிட்டாள். "கேள்விப்பட்டேன் அக்கா. சரி, கோடையில வர்றேன். ஆனா உங்க ஊர் ஆரஞ்சுச் சாறு மட்டும் குடிக்க மாட்டேன்" என்றாள். அங்கே இன்னும் நம் நாட்டுச் சரக்கை வாங்குவதில்லை. தண்ணீர் குடி என்றேன்.

நீ உறுதிமொழி எடுத்த அன்று நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அதை நீ காப்பாற்று. உன்னை அங்கே அனுப்பியவர்களிடம் கேள்வி கேட்பது என் வேலை, அதை நான் செய்கிறேன். உன் பெயரை நான் இழுக்கவில்லை. அது உனக்குத் தெரிந்தால் போதும். அன்னை மரியாள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும். உன் கை பட்ட விமானம் ஒவ்வொன்றும் பத்திரமாகத் தரை இறங்கட்டும். அது எங்கே போகிறதோ அங்கே இருக்கும் ஜனங்களுக்கும் ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும். இரண்டுக்கும் சேர்த்தே ஜெபம் செய்கிறேன்.

கோபம் இன்னும் இருந்தால் எழுத வேண்டாம், கண்ணு. புதிதாக ஒரு போட்டோ மட்டும் எடுத்துத் தபாலில் போடு. சிரிக்க வேண்டும் என்று இல்லை. தொப்பி நிழல் முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்.

உன் பாட்டி,
ஆல்டா