பெரிய வியாழன் பாத்திரம்

1941, பெரிய வியாழன், இரவு. கீரனூர்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, இன்று கோயிலில் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவினார். பன்னிரண்டு பேரும் நிலபுலம் உள்ள பெரிய மனிதர்கள். வீட்டிலேயே சீயக்காய் தேய்த்து, நகம் வெட்டி, ஜவ்வாது பூசிக்கொண்டு வந்திருந்தார்கள். கழுவ என்ன மிச்சம்?

வாசலில் ஏர் ஓட்டுகிற கருப்பையா வந்து நின்றான். காலில் நரம்புச் சிலந்தி வெடித்துச் சீழ் வடிகிறது.

“உள்ள சாமி கால் கழுவி விடுறாராமே, எனக்கும் கழுவுவாங்களா?” என்று கோயில் காரியம் பார்க்கும் உபதேசியாரிடம் கேட்டான். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.

“அங்கிட்டுப் போப்பா. இது வேற. திங்கக்கெழம கம்பவுண்டர்கிட்ட வா.”

அந்தக் கம்பவுண்டர் நான். துண்டு ஏந்திக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன்.

சடங்கு முடிந்ததும் பித்தளைப் பாத்திரத்தை வெளியே தூக்கி வந்தேன். பன்னிரண்டு பேர் காலைக் கழுவிய தண்ணீர், குடிக்கலாம் போல இருந்தது. செடிக்கு ஊற்றினேன். அதே பாத்திரத்தில் வெந்நீர் விட்டு, கருப்பையாவை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துப் புண்ணைக் கழுவினேன்.

உபதேசியார் ஓடி வந்தார். “என்ன கம்பவுண்டர், கோயில் பாத்திரத்த இப்படி நாறடிச்சிட்டீங்களே!”

வாங்கிய நாளிலிருந்து அந்தப் பாத்திரம் இன்றைக்குத்தான் ஒரு காலைக் கழுவியிருக்கிறது.