கமலவேணியின் பரீட்சை வாரம்

அத்தான்,

ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், உங்களை எழுப்பவில்லை. மூவாரில் கம்பெனிக்காக இரண்டு நாள் தையல் மெஷின் வகுப்பு எடுக்கிறேன். வியாழன் சாயங்காலம் வந்துவிடுவேன். பருப்புக் குழம்பு அடுப்பின் மேல் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு ரஹீமா அக்காவிடம் கொடுங்கள்.

ரேடியோ பக்கத்தில் இருக்கும் பழுப்பு உறையில் லண்டனுக்குப் போக வேண்டிய, என் தபால் வழிப் படிப்பின் கடைசிப் பாட விடைகள். இன்றே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். மடிக்க வேண்டாம்.

நேற்று உங்கள் அண்ணன் என் படிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "சும்மா பொழுதுபோக்குக்குப் படிக்கிறா" என்றீர்கள். அதனால்தான் அப்புறம் நான் உங்களோடு பேசவில்லை. நம் நாட்டுக்கு மெர்டேகா, சுதந்திரம் வந்த மாதம் சேர்ந்த படிப்பு இது. மூன்று வருஷமாக பஸ்ஸில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். வணிகப் பட்டம் பொழுதுபோக்கு இல்லை. இனி யார் கேட்டாலும் சரியாகச் சொல்லுங்கள்.

கோபத்தில் சொல்லாமல் விட்டது ஒன்று. பரீட்சை வாரத்தில் கம்பெனி என்னைக் குளுவாங்கில் வகுப்பு எடுக்கப் போகச் சொன்னது. "அந்த வாரம் முடியாது சார், எனக்குப் பரீட்சை" என்று மேனேஜர் தேவதாஸிடம் நேராகவே சொல்லிவிட்டேன். "சரி, பாஸ் பண்ணிட்டு வாம்மா. புதுக் கிளையை யாருகிட்ட கொடுக்கிறதுன்னு அப்புறம் பேசலாம்" என்றார்.

கமலவேணி

பி.கு.: பதினான்காம் தேதி முதல் தாள். அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு கோலாலம்பூருக்கு வாருங்கள். மூன்று மணி நேரம் வெளியே பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் போதும். பாஸாகிவிடுவேன், அதில் சந்தேகமே இல்லை. தனியாகப் போகத்தான் மனசு வரவில்லை.