பஞ்சு கண்டுபிடித்த ஓட்டை

இன்று காலை ஷெட் வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. எரிந்ததும் எரியாததுமான பெட்ரோல் வாடை. ஓட்டி வந்தவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவே இல்லை. எடுத்தால் அணைந்துவிடும் என்ற பயம் முகத்திலேயே தெரிந்தது. அந்த வாடையும் அந்த முகமும் என்னை நேரே உன்னிடம் கொண்டுவந்து விட்டுவிட்டன. கட்டின பெண்டாட்டியாய் நீ உயிரோடு இருந்த நாளெல்லாம் உனக்கு ஒரு கடுதாசி எழுதியதில்லை. நீ போய் ஆறு வருஷம் கழித்து எழுதுகிறேன். சிரிக்காதே.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக்கடை பாயின் சிவப்புக் காரை நீ மறந்திருக்க மாட்டாய். மலைத் தோட்டக்காரர் ஒருவரிடம் அவர் ஆசைப்பட்டு வாங்கியது. மேல்மூடி இல்லாத, இரண்டே கதவு வைத்த சீமைக் கார். வேகத்துக்கென்றே செய்த வண்டி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்க ஒரு இஞ்சினுக்கு இரண்டு கார்புரேட்டர். தேவதானம் வரைக்கும் பறந்து போகும். நிறுத்தினால்தான் சனியன். உடம்பெல்லாம் உதறி, இரண்டு இருமல் இருமி அணைந்துவிடும்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் நாம் சொந்த ஷெட் போட்டு நாலு மாதம்கூட ஆகவில்லை. பாய் தன் இளைய மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலத்தை அந்தக் காரில்தான் நடத்துவேன் என்று நின்றார். மூத்தவள் கல்யாணத்தில் அதே வண்டி பாதி வழியில் நின்றுபோய், மாப்பிள்ளையை உட்கார வைத்தபடியே தள்ளிக்கொண்டு போனார்களாம். சம்பந்தி வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள் என்றார். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. டீக்கடையில் பத்துப் பேர் கேட்க, "இது ஊர்வலத்துல நின்னுச்சுன்னா ஷெட்டப் பூட்டிட்டு மதுரைக்குப் பழைய முதலாளிகிட்டயே போயிருதேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஷெட்டுக்கு நீயும் மண் சுமந்திருந்தாய். செய்தி உன் காதுக்கு வந்தபோது நீ எனக்குச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு மில்லுக்குக் கிளம்பிப் போனாய். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்று நாள் அந்த இஞ்சினோடு மல்லுக்கட்டினேன். பிளக்கை மாற்றினேன், பாயிண்டைத் தேய்த்தேன், வால்வு இடைவெளியைச் சரிபார்த்தேன், கார்புரேட்டர் இரண்டையும் நாலு தடவை கழற்றிக் கழுவினேன். நின்ற இடத்தில் இஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்ட ஐடிலிங் திருகை ஏற்றி வைத்தால் அணையவில்லை, ஆனால் கிளட்ச்சை விட்டதும் முன்னால் பாய்ந்தது. ஊர்வலத்தில் அப்படி விட்டால் பேண்டு வாத்தியக்காரர்கள் மேல் ஏற்றிவிடும். ஊர்வலம் என்பது ஆள் நடக்கிற வேகம். ஓடத் தெரிந்த வண்டிக்கு நிற்கத் தெரிய வேண்டும் என்பதுதான் சிக்கலே.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், மில்லில் ஷிப்டு முடிந்து நேரே சோற்றுத் தூக்கோடு ஷெட்டுக்கு வந்தாய். தலையெல்லாம் பஞ்சுத் தூசி. நான் சாப்பிடாமல் இஞ்சினையே முறைத்துக்கொண்டிருந்தேன். நீ செத்த நேரம் அதன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "பெட்ரோலப் பாத்திய, கரண்டப் பாத்திய. காத்தப் பாத்தியளா?" என்றாய்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உனக்கு என்னட்டி தெரியும் என்றேன். அதற்கு நீ கோபப்படாமல் உன் மில் கதையைச் சொன்னாய். நூல் அறுந்தால் பஞ்சை உறிஞ்சிக்கொள்ளும் குழாய் ஒன்று உங்கள் மிஷினில் உண்டு. இழுப்பு குறைந்தால், எந்த இணைப்பில் காற்று திருட்டுத்தனமாகப் புகுகிறது என்று பார்க்க ஃபிட்டர் ஒரு இணுக்குப் பஞ்சை ஓரம் ஓரமாகக் காட்டிக்கொண்டே போவார். ஓட்டை இருக்கிற இடம் பஞ்சை இழுக்கும். சொல்லிக்கொண்டே உன் தலையிலிருந்து ஒரு இணுக்கை எடுத்து விளக்குமாற்று ஈர்க்கில் சுற்றினாய்.

ஃபேன் காற்றில் பஞ்சு பறந்துவிடுமே என்று ஃபேன் பெல்ட்டை மட்டும் கழற்றினேன். சூடேறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். நான் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடித்துக்கொள்ள, நீ குனிந்து ஈர்க்கை நகர்த்தினாய். முன் கார்புரேட்டரில் பஞ்சு அசையவில்லை. பின்னதன் அடிப்பக்கம், கண்ணுக்கு எட்டாத இடத்தில், இஞ்சினோடு சேர்கிற மூட்டில், பஞ்சு ஈர்க்கை விட்டுப் பிய்ந்து போய் ஒட்டிக்கொண்டது. அணைவதற்குள் நான் கீழே குதித்து, ஒரு விரல் கிரீஸை அங்கே அப்பி ஓட்டையை அடைத்தேன். உதறல் நின்றது. ஆக்ஸிலேட்டரில் யார் காலும் இல்லை, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மூட்டைக் கழற்றிப் பார்த்தால் குற்றவாளி நான்தான். மூட்டு இடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்கிற பழைய கேஸ்கெட் இற்றுப்போயிருந்ததால் முதல் நாளே புதிதாக வெட்டிப் போட்டிருந்தேன். எதில்? நீ மில்லிலிருந்து கொண்டுவந்த, நூல் சுற்றுகிற கூம்பு வடிவக் கோன் அட்டையில். கெட்டி அட்டை, வீணாகக் கூடாது என்று எனக்குப் பெருமை வேறு. என் கையால் புதிதாகப் போட்டதாயிற்றே என்று, நாலு தடவை கழற்றி மாட்டியும் அதன் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"வளைஞ்ச அட்ட எப்படிங்க படிஞ்சு உக்காரும்?" என்றாய். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை குத்தவில்லை. அன்றைக்கு உன் மேல் எனக்கு வந்த ஆசையை அன்றைக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன், இப்போது சொல்கிறேன்.

கடையில் சரியான கேஸ்கெட் தாள் வாங்கி வெட்டிப் பூட்டினேன். மறுநாள் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு ஊர்வலம் கிளம்பியது. நான்தான் ஓட்டினேன். முக்குக்கு முக்கு நிறுத்தி மாலை போட்டார்கள், சர்பத் கொடுத்தார்கள். பேண்டுக்காரர்கள் நின்று ஒரு முழுப் பாட்டை வாசித்தார்கள். வண்டி அசராமல் முணுமுணுத்துக்கொண்டு நின்றது. மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கிய பிறகும் நான் வேண்டுமென்றே அணைக்கவில்லை. மூத்த சம்பந்தி வந்து இஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். பாய் என்னைக் கட்டிக்கொண்டு, "எம்புட்டு மெக்கானிக்கு பாத்துட்டாங்க தம்பி, என்னதான் செஞ்சிய?" என்று கேட்டார். பெண்கள் பக்கம் நின்ற உன்னைக் காட்டி, "அவகிட்டக் கேளுங்க" என்றேன். நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாய்.

அடுத்த வாரம் ஷெட்டுக்குப் போர்டு எழுதப் பெயிண்டரைக் கூப்பிட்டேன். கடைப் பெயராக உன் பெயரைச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு, "மெக்கானிக் பேரு என்ன போடணும் அண்ணாச்சி?" என்று கேட்டான். அதே பெயர்தான் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினான்.

சுந்தரபாண்டியத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் இப்போதும் ஆட்கள் அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வருகிறார்கள். போனில் உன் பெயரைச் சொல்லி, கூடவே ஓர் அண்ணாச்சியையும் சேர்த்து, "அவிய இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள்.

"ஆமா, நாந்தான் பேசுதேன். சொல்லுங்க" என்கிறேன்.