நாரைக் கூட்டில் மிலேவா

கிகிண்டா,
புதன் மதியம்

அன்புள்ள தூன்யா,

நான், உன் அம்மா, தாத்தா மூவரும் நலம். புறாப் போட்டி நடுவர் ராத்தமிரும் நலம், திங்கட்கிழமையிலிருந்து நம் வீட்டில்தான் இருக்கிறார். நீ எப்படி இருக்கிறாய் என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கும் உன் அம்மாவுக்கும் கல்யாணமான பிறகு நீ போனை எடுப்பதில்லை, அதனால் இதை வியன்னா பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீ புறாக் கூண்டில் வளர்த்துவிட்டுப் போன உன் கோழி மிலேவாவைத் தாத்தா புறா என்று போட்டியில் பதிந்துவிட்டார். அதிக நேரம் தரையிறங்காமல் இருந்து வீடு திரும்பும் பறவைக்குக் கோப்பை. நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன், எது வேகத் தசை எது நிதானத் தசை என்பது முட்டைக்குள் முதல் வாரத்திலேயே, நரம்பு போய்த் தொடுமுன்பே பெரும்பாலும் முடிவாகிவிடும், கோழிக்கு மார்பெல்லாம் வெள்ளை, வேகத் தசை, பத்து விநாடியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு ஓய்ந்துபோகும், காலிலும் சிறகை மடித்துப் பிடிக்கும் முதுகிலும்தான் நிதானத் தசை, அது நாள் முழுக்கக் களைக்காது, புறாவோடு படுத்ததால் புறா மார்பு வந்துவிடாது என்று. "பொரிப்பகத்துல முட்டைக்கு வெளக்குப் புடிக்கிறவன் எனக்குப் பறக்கச் சொல்லித் தரியா மாப்ளே? ஜெயிச்சா கோப்பை, தோத்தா சூப்பு, போ" என்றார்.

திங்கள் காலை ஆறு மணிக்குக் கூண்டின் மேலிருந்து விட்டார். பதினோரு விநாடி. என் கணக்குக்கு ஒரு விநாடி கூடுதல். அதற்குள் எதிர்வீட்டு மின்கம்பத்தின் உச்சியில், இந்த வருடம் நாரை வராத கூட்டில் போய் உட்கார்ந்துவிட்டது. ராத்தமிர் கடிகாரத்தை நிறுத்தப் போனார். தாத்தா விதிப் புத்தகத்தை மூக்கில் இடிப்பதுபோல் நீட்டி, "கூரை, மரம், தரைல உக்காந்தா நிறுத்தணும்னு போட்டிருக்கு, நாரைக் கூடுன்னு எங்கய்யா போட்டிருக்கு?" என்றார். போடவில்லை. இப்போது ஐம்பத்து நான்கு மணி நேரம். போன வருடக் கோப்பைக்குப் பதினொன்று. பறவை இறங்கும்வரை நடுவருக்குச் சோறு போடுவது வீட்டுக்காரர் கடமை, பன்றித் தொடை முடிந்துவிட்டது, மனிதர் ஊறுகாய்க் குப்பிகளுக்கு வந்துவிட்டார். தாத்தா கவணில் மக்காச்சோளம் அடிக்கிறார், மிலேவா தின்றுவிட்டு நிற்கிறது. நிற்கும், கால் நிதானத் தசை என்றேனே. மின்வாரியத்து ஆள் ஏணி கொண்டுவந்தான். மனிதக் கை பட்டால் தோல்வி, தோல்வி என்றால் சூப்பு, உன் அம்மா துடைப்பத்தோடு ஏணியடியில் நின்றாள், அவன் போய்விட்டான்.

தானாக வீடு திரும்பாத பறவைக்கு எத்தனை மணி நேரம் ஆனாலும் கணக்கில்லை. நாங்கள் மூவரும் மாறி மாறிக் கூப்பிட்டாயிற்று. எனக்கு முதுகைக் காட்டியது. அது உன் குரலுக்கு மட்டும்தான் வரும், நீயே வந்து கூப்பிட வேண்டும். சிறகை மூடியே வைத்திருக்கும் தசை களைக்காது என்று எழுதினேன் அல்லவா, உனக்கும் எனக்கும் அது நன்றாகவே வளர்ந்திருக்கிறது, இரண்டு வருடம் ஆகிறது. போதும். உன் அம்மா மின்கம்பத்தைப் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தைத்தான் பார்க்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு. அதே பேருந்து நாளை மாலை அங்கிருந்து திரும்புகிறது, ஜன்னலோர இருக்கை சொல்லிவைத்திருக்கிறேன். மறக்காமல் ராத்தமிருக்குத் தின்ன ஏதாவது வாங்கி வா.

இப்படிக்கு,
உன் அம்மாவின் கணவன், நீ வைத்த பெயரில் கோழி இன்ஜினியர்,
நெபோய்ஷா